ஏழு பூச்சியம் இரண்டான கதை



மின்சிக்கனம் என்றதும் விளக்கை அணை, மின்விசிறியை நிறுத்து என்றுதான் வகுப்பில் சொல்கிறோம். கணினிக்குள் ஒரு சில்லிலிருந்து இன்னொரு சில்லுக்குத் தரவு ஓடும் கம்பியிலும் சிக்கனம் உண்டு.

டிடிஆர்3 நினைவகத்துக்கு 1.5 வோல்ட், டிடிஆர்4-க்கு 1.2. மின்தடை மாறாவிட்டால் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 2.25 இருந்த இடத்தில் 1.44. இது மட்டுமே 36 விழுக்காடு மிச்சம். பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

எனக்குப் பிடித்தது இன்னோர் உத்தி. டிடிஆர்4-ன் தரவுக் கம்பி 0-ஐத் தாங்கும்போதுதான் அதில் மின்னோட்டம் பாயும். 1 என்றால் இல்லை. ஆகவே எட்டு பிட்டில் நான்குக்கு மேல் 0 வந்தால் அத்தனையையும் தலைகீழாக்கி அனுப்பும் வசதி வைத்தார்கள். மாற்றியதைத் தெரிவிக்க ஒன்பதாவது கம்பியில் ஒரு 0. உதாரணம், 00010000: ஏழு 0. மாற்றினால் 11101111, ஒன்பதாவதையும் சேர்த்து இரண்டே 0.

ஒன்பது பிள்ளைகளை வரிசையாக நிறுத்துங்கள். 0 ஆனவர் கை தூக்கட்டும். எந்த எட்டு பிட்டைக் கொடுத்தாலும் நான்கு கைக்கு மேல் உயராது. ஏன் என்று அவர்களிடமே கேளுங்கள். ஐந்து 0 உள்ளதிலிருந்து தொடங்கினால் பிடித்துக்கொள்வார்கள்.