கடன் கேட்டு வருபவர்



திரும்பக் கிடைக்குமா என்று கணக்குப் பார்க்காமல் கடன் கொடுக்கச் சொன்னார் நம் ஆண்டவர். லூக்கா நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் இதைக் காண்கிறோம். இடைக்காலத் திருச்சபை இதை ஏட்டோடு விட்டுவிடவில்லை. 1179-ஆம் ஆண்டு கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், வெளிப்படையாக வட்டித்தொழில் செய்தவர்களுக்கு நற்கருணையையும் கிறிஸ்தவ அடக்கத்தையும் மறுத்தது.

ஏன் இத்தனை கண்டிப்பு? புனித தாமஸ் அக்குவினாஸ் எளிதாக விளக்குகிறார். வீட்டை வாடகைக்கு விடலாம். குடியிருந்த பின்னும் வீடு இருக்கும். திராட்சை இரசமோ குடித்தால் தீர்ந்துவிடும். இரசத்துக்கு ஒரு விலை, அதைக் குடிப்பதற்குத் தனி விலை என்று கேட்பது முறையா? பணமும் செலவழித்தால் தீர்ந்துபோவதுதான். ஆகவே கடனுக்கு மேல் வட்டி கேட்பது அநீதி என்றார். கூட்டு வணிகத்தில் பணம் போட்டு, நட்டத்தையும் ஏற்பவர் இலாபத்தில் பங்கு பெறலாம் என்றார். தேவையின் நெருக்கடியில் வட்டிக்கு வாங்குபவர்மீது பாவம் இல்லை என்றும் சொன்னார்.

ஆனால் தடை மட்டும் ஏழையின் அடுப்பை எரியவைக்குமா? வட்டி தவறு என்று கேட்டவருக்கும் மறுநாள் பணம் தேவைப்பட்டதே! இதை உணர்ந்த பிரான்சிஸ்கன் துறவியர், 1462-இல் இத்தாலியின் பெரூஜியா நகரில் ஏழைகளுக்கான அடகு நிதி ஒன்று உருவாக வழிசெய்தார்கள். பொருளை அடகு வைத்து, மிகக் குறைந்த கட்டணத்தில் கடன் பெறலாம். அவர்களுடைய மறையுரைகள் சிலவற்றில் யூதர்மீது வெறுப்பும் கலந்திருந்தது, அது வருத்தத்துக்குரியது. “இந்தக் கட்டணமும் வட்டிதானே?” என்று வேறு சில இறையியலாளர்கள் எதிர்த்தார்கள். 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கத்தில் திருத்தந்தை பத்தாம் லியோ முடிவு சொன்னார்: நிதியை நடத்தும் செலவுக்கு மட்டும் வாங்கலாம், இலாபம் கூடாது, ஒன்றுமே வாங்காவிட்டால் இன்னும் சிறப்பு.

அன்புக்குரியவர்களே, வட்டிக்காரரைத் திட்டுவது எளிது. அவர் வாசலை மிதிக்குமுன் நம் அயலார் வேறு யாரிடம் போய்க் கேட்க முடியும்? மருத்துவச் செலவுக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ தவிக்கும் ஒருவர், தலைகுனியாமல் கேட்கக்கூடிய இடமாக நம் அன்பியம் இருக்கிறதா? இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். நம்மிடம் இருப்பது சிறிதாக இருக்கலாம். அதைச் சேர்த்து வைத்தால் ஒரு குடும்பம் தப்பும்.

இறைவன் நம் கைகளைத் திறப்பாராக. ஆமென்.