ஒரே பேரேடு



வாணிகம் சிறக்க முதலும் முயற்சியும் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. இவற்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கது கணக்கு. உரிய செய்தி உரிய வேளையில் உரியவர் கைக்கு எட்டுவதே கணக்கின் பயன். கிளைகள் பல பரப்பிய பெருநிறுவனங்களில் இது எளிதன்று. அதற்கென அமைந்ததே கணிப்பொறி வழிப்பட்ட தகவல் முறை. அந்தமானில் வாழும் நம்மவர் நன்கறிந்த ஒரு சான்றினால் இதனை விளக்கலாம்.

பாரத ஸ்டேட் வங்கி 1955-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று தோன்றியது. நெடுங்காலம் அதன் ஒவ்வொரு கிளையும் ஒரு தனித் தீவாகவே இருந்தது. போர்ட் பிளேரில் பணம் போட்டவரின் இருப்பு அக்கிளையின் பேரேட்டில் மட்டுமே காணப்படும். இராமநாதபுரத்திலுள்ள தாய்க்குப் பணம் அனுப்ப விரும்பியவர் வரைவோலை வாங்கி அஞ்சலில் சேர்த்து, அது கடல் கடக்கும்வரை காத்திருந்தார்.

1990-களில் எழுந்த புதிய தனியார் வங்கிகள் தொடக்கத்திலேயே கணிப்பொறியைக் கைக்கொண்டன. அவற்றுக்குக் கிளைகள் சில, விரைவோ மிகுதி. இப்போட்டிக்கு ஈடுகொடுக்க, கிளைதோறும் கிடந்த பேரேடுகளை ஒரே மையப் பேரேடாக்கும் ‘கோர் பாங்கிங்’ முறையை ஸ்டேட் வங்கி மேற்கொண்டது. 2008-இல் எல்லாக் கிளைகளும் அதனுள் வந்தன. ஒரு கிளைக்கு உரியவராயிருந்த வாடிக்கையாளர் வங்கி முழுமைக்கும் உரியவரானார். சுமையெனத் தோன்றிய பல்லாயிரம் கிளைகளே வங்கியின் வலிமையாயின.

மையப் பேரேட்டுக்குப் பாதை வேண்டுமே! தீவுகளுக்கு நெடுங்காலம் செயற்கைக்கோளே வாய்த்த பாதை. அது குறுகியது, செலவும் மிக்கது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் வேறு ஏழு தீவுகளுக்கும் கடலடி ஒளியிழை வடம் திறக்கப்பெற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய அந்நகருக்கு, கப்பலில் மூன்று நாள் தொலைவிலுள்ள சென்னை, செய்தியளவில் அண்டை வீடாயிற்று.

ஆயின், வடம் அனைவருக்கும் பொது. பொறியையும் எவரும் விலைக்கு வாங்கலாம். எல்லோரிடமும் உள்ள கருவி எவருக்கும் தனி மேன்மை தராது என்று நிக்கோலஸ் கார் என்னும் அமெரிக்கர் 2003-இல் வாதிட்டார். அவ்வாதத்தில் உண்மையுண்டு. எனினும், கருவி பொதுவானபின் அதனைக் கையாளும் அறிவே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

நம் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவது நம் வழக்கம். பிற மாநிலத்துப் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கிறது. ஓர் ஏட்டில் முதலெழுத்து, மற்றொன்றில் தந்தையின் முழுப்பெயர் எனப் பதிவானால், ஒருவரே இருவராகிவிடுகிறார். பழைய கணக்கர் முகத்தைப் பார்த்து ஆளை அறிந்தார். பொறி எழுத்தைப் பார்த்தே அறியும். ஊர் சென்ற பணமும் முதியவரின் ஓய்வூதியமும் இதனால் தடைப்படக்கூடும்.

இவ்வழக்கத்தை உணர்ந்து, ஐயத்தைக் கேட்டுத் தெளிந்து, பதிவைத் திருத்தும் உரிமை பெற்ற ஊழியர் எந்த நிறுவனத்தில் உள்ளாரோ, அதனையே மக்கள் நாடுவர். நாமும் எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே வகையாக எழுதுவித்தல் நலம். பேரேடு ஒன்றாவது பொறியின் ஆற்றல். அதில் எழுதியது மெய்யாயிருப்பது மனிதரின் பொறுப்பு.