‘அவன்’ வேண்டாத பேய்ப் பலகாரங்கள்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், குடும்ப அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் எனக்குப் போன் செய்து, “தம்பி, அமெரிக்காவுல இருக்கே, வேலை வாய்ப்பு, மேல்படிப்பு இப்படி ஏதாவது பேசேன்” என்றார். “அண்ணே, அதைப் பேச இன்னும் நாலு பேர் வர்றாங்க. நான் பலகாரம் பத்திப் பேசறேன்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “மெக்கானிக்கல் படிச்சவன் பேசற பேச்சா இது?” என்று கேட்டார். மெக்கானிக்கல் படித்ததால்தான் பேசுகிறேன். உருகுநிலை, உறைநிலை, பாகுநிலை எல்லாம் இதில் இருக்கின்றன. தலைப்பில் உள்ள ‘அவன்’ ரொட்டி சுடும் அடுப்பைக் குறிக்கும். எங்கள் பேட்ச் ஆட்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் இருப்பது நியூஜெர்சியில். அங்கே அக்டோபர் 31 அன்று ஹாலோவீன். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர் திருநாள். அதற்கு முந்தின இரவு இது. வேர் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழைய அறுவடைக்கால விழாவில் இருக்கிறது. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்குப் பூசணிக்காய் கிடைத்தது. குடைவதற்கு அது இன்னும் சுலபம். திருஷ்டிப் பூசணிக்காயைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கண்ணும் பல்லும் வைத்த பூசணிக்காய் ஒன்றும் அதிசயமில்லை. அன்று குழந்தைகள் பேய், பிசாசு, சூனியக்காரி வேஷம் கட்டி வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அதற்கு முன்னும் பின்னும் பார்ட்டிகள். பார்ட்டி என்றால் பேய் வடிவத்தில், சிலந்தி வடிவத்தில், கல்லறை வடிவத்தில் இனிப்புகள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் முதல் வகுப்பில் இருந்தபோது ஒரு பார்ட்டிக்குப் போய்விட்டுப் பசியோடு வீட்டுக்கு வந்தாள். நாங்கள் சைவம். அங்கே வைத்திருந்தது மார்ஷ்மெல்லோவில் செய்த பேய், ஜெல்லிப் புழு, பிசுபிசு மிட்டாய். எல்லாவற்றிலும் ஜெலட்டின். பன்றித் தோல், மாட்டுத் தோல், எலும்பு இவற்றிலிருந்து எடுப்பது அது. நம் ஊரில் பாக்கெட்டைத் திருப்பினால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று ஒரு விநாடியில் தெரியும். அங்கே அந்தப் புள்ளி கிடையாது. பொடி எழுத்தை முழுக்கப் படிக்க வேண்டும். ஆறு வயசுக் குழந்தை என்ன படிக்கும்? “வேண்டாம்னு சொல்லிட்டேம்ப்பா” என்றாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள். “அவனும் சாப்பிடலப்பா. அவன் டப்பாவுலேர்ந்து அவன் ஆப்பிளை எடுத்துச் சாப்பிட்டான். எப்பவும் அப்படித்தான்.”

அவளுடைய வகுப்புப் பையன் ஒருவனுக்கு வேர்க்கடலை ஆகாது. நம்மில் பலர் ‘அலர்ஜி’ என்றால் கொஞ்சம் தும்மல், கொஞ்சம் அரிப்பு என்றுதான் நினைத்திருக்கிறோம். கடுமையான வேர்க்கடலை ஒவ்வாமையில் மிகச் சிறிய அளவு உள்ளே போனாலே தொண்டை வீங்கி மூச்சு அடைக்கலாம், ரத்த அழுத்தம் சரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் அந்தப் பையன் போகும் இடமெல்லாம் எபினெஃப்ரின் ஊசிப் பேனா கூடவே போகும். பிறந்தநாள் கேக்கா, பொதுத் தட்டா, எதுவும் அவனுக்கு இல்லை.

அடுத்த வருஷம் எங்கள் வீட்டில் பார்ட்டி வைப்பது என்று மகளும் நானும் முடிவெடுத்தோம். நிபந்தனை ஒன்றுதான்: வருகிற பன்னிரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். செய்வதும் குழந்தைகளே என்பதால் அவனில் சுடுகிற வேலை வேண்டாம் என்றாள் என் மனைவி.

யோசித்துப் பார்த்தால் நம் பலகாரம் எதுவுமே அவனில் சுடுவதில்லையே! அமெரிக்காவில் ‘ரைஸ் கிறிஸ்பீஸ் ட்ரீட்’ என்று ஒன்று. 1939இல் கெல்லாக் கம்பெனியின் சமையல் பிரிவில் உருவானது. பொரித்த அரிசியை உருகிய மார்ஷ்மெல்லோவில் கிளறித் துண்டு போடுவார்கள். அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கார்த்திகைப் பொரி உருண்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி அது! மார்ஷ்மெல்லோவை எடுத்துவிட்டு வெல்லப்பாகை ஊற்றினால் ஜெலட்டின் பிரச்சினை போச்சு. பாகைச் சொட்டு விட்டுத் தண்ணீரில் உருட்டிப் பார்த்து, தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும் என்று எங்கள் பாட்டி சொல்லும் பதம்தான். நீர் வற்ற வற்றப் பாகின் கொதிநிலை ஏறுகிறது. அந்தச் சத்தம்தான் பாட்டியின் தெர்மாமீட்டர். இந்தப் பாகு கொதிக்கும் தண்ணீரை விடச் சூடானது, தோலில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஆகையால் கிளறுவது பெரியவர்கள் வேலை. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் குழந்தைகள் நெய் தொட்டுப் பிடிக்கலாம். உருண்டையாகப் பிடித்து நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்தால் மூளை. ஏழு வயசுப் பையன்களுக்கு மூளையைத் தின்பதில் உள்ள ஆனந்தம் சொல்லி முடியாது.

சிலந்திக்கு கிரீம் பிஸ்கட். ஓரியோ 1912இல் நியூயார்க்கில் பிறந்த கறுப்பு பிஸ்கட். இன்று நம் தெருமுனைக் கடையிலும் கிடைக்கிறது. காலுக்கு அமெரிக்கர்கள் பிரெட்ஸல் குச்சி செருகுவார்கள். குச்சி நேராக இருக்கும். சிலந்திக்கால் வளைந்தல்லவா இருக்கும்? என் மனைவி தேன்குழலை உடைத்து வளைந்த துண்டாகப் பொறுக்கி எடுத்தாள். கிரீம் மெல்லியது, தேன்குழல் தடிமன். எனவே பிஸ்கட்டைப் பிரித்து, உருக்கிய சாக்லேட் ஒரு ஸ்பூன் வைத்து, பக்கத்துக்கு நாலு துண்டாகப் பதித்து மேல் பிஸ்கட்டை மூடிவிட வேண்டும். பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் இருந்தால் கால் அசையாது. இனிப்பும் உப்பும் சேர்ந்து அது தனி ருசி. ஆறு கால் வைத்தவர்களை என் மகள் நிறுத்தித் திருத்தினாள்: “அது எறும்பு!”

சாக்லேட் உருக்குவதில் இரண்டு விஷயம். ஒன்று, ஒரு சொட்டுத் தண்ணீர் கூடப் படக்கூடாது. அதிலிருக்கும் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் மணல் போலத் திரண்டுவிடும். கரண்டி, கிண்ணம் எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, நிஜ சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் பல படிக வடிவங்களில் உறையும். பளபளப்பும் ‘பட்’டென்று உடையும் தன்மையும் தருகிற வடிவம் உருகுவது சுமார் 34 டிகிரி செல்சியஸில். அதனால்தான் வாயில் போட்டால் கரைகிறது. அதே காரணத்தால் நம்ம ஊர் மே மாதத்தில் மேஜையிலேயே கரையும்! உருக்கியபின் மறுபடி அந்த வடிவத்துக்குக் கொண்டுவர வெப்பத்தை ஏற்றி இறக்கிப் பக்குவம் செய்ய வேண்டும். மெட்டலர்ஜி வகுப்பில் டெம்பரிங் படித்தோமே, அதே பெயர்தான் இதற்கும். குழந்தைகள் பார்ட்டிக்கு இத்தனை பாடு எதற்கு? பேக்கரிச் சாமான் கடையில் ‘காம்பவுண்ட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது. பக்குவம் எதுவும் வேண்டாம், உருக்கினால் போதும், உறையும். ருசியில் ஒரு படி கம்மிதான். அதை மறைக்க மாட்டேன்.

வாழைப்பழப் பேய் இன்னும் சுலபம். பழத்தைக் குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டின பக்கம் ஒரு குச்சி செருகி, உறைய வைத்து, வெள்ளைக் காம்பவுண்டில் முக்கி, இரண்டு சாக்லேட் பொட்டு வைத்தால் பேய் ரெடி. தோலுரித்த கமலா ஆரஞ்சின் உச்சியில் ஒரு புதினாக் காம்பு செருகினால் பூசணிக்காய்.

எனக்கு ரொம்பப் பிடித்தது புழு. ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசி. மதுரைக்காரர்களுக்கு ஜிகர்தண்டாவில் தெரிந்த அதே பொருள். இந்தப் பாசியை மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் கடலில் இறங்கிச் சேகரிக்கிறார்கள். அங்கிருந்து அகர் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போகிறது. எங்கள் நியூஜெர்சி சமையலறைக்கு ஊர்ப்பக்கத்துச் சாமான் வந்து சேர்ந்தது எனக்கு ஒரு சந்தோஷம். இரண்டு கப் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி அகர் பவுடர். முழுதும் கரையும்வரை மூன்று நிமிஷம் கொதிக்க வேண்டும். சர்க்கரை போட்டு, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு. புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் உறையும் சக்தி குறையும். நிறத்துக்கு பீட்ரூட் சாறு. (ரெட் 3 என்ற செயற்கைச் சிவப்பை உணவில் சேர்ப்பதற்கான அனுமதியை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் ரத்து செய்தது. பீட்ரூட்டுக்கு அந்தக் கவலை இல்லை.) தட்டில் மெல்லிசாக ஊற்றி, ஆறியதும் நீள நீளமாக வெட்டினால் புழு.

இன்ஜினியர்களுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். அகர் உறைவது 40 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. உறைந்ததை மறுபடி உருக்க 85 டிகிரி போல ஆக வேண்டும்! போகும் பாதை ஒன்று, திரும்பும் பாதை வேறு. ஹிஸ்டெரிசிஸ் என்று எலக்ட்ரிக்கல்காரர்கள் வளையம் வரைவார்களே, அது இனிப்புத் தட்டில் இருக்கிறது. அதனால் ஃபிரிட்ஜ் இல்லாமலே உறையும், வெயிலில் இளகாது. ஹாஸ்டல் தம்பிகள் குறித்துக்கொள்ளவும். வார்டன் சார் காதில் விழாமல் குறித்துக்கொள்ளவும்.

பிஸ்கட்டைப் பொடித்துக் கப்பில் மண்ணாகப் போட்டு, மேலே ஒரு நீள பிஸ்கட்டைக் கல்லறைக் கல்லாக நட்டு, புழுவைப் பாதி வெளியே தெரியும்படி வைத்தால் இடுகாடு. ரோஸ் மில்க்கில் இருபது நிமிஷம் ஊறிய சப்ஜா விதை தவளை முட்டை. அதற்கு எந்த வேலையுமே இல்லை, பெயர் வைத்தால் போதும்.

பார்ட்டிக்கு முந்தின நாள் அந்தப் பையனின் அம்மாவைக் கூப்பிட்டோம். சாமான் அத்தனையும் பிரிக்காமல் மேஜையில் அடுக்கி வைத்திருந்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஒவ்வொரு லேபிளாகப் படித்தார். அங்கே சட்டப்படி ஒன்பது பொருள்கள் சேர்ந்திருந்தால் சொல்லியாக வேண்டும். எட்டாக இருந்த பட்டியலில் 2023 ஜனவரி முதல் எள்ளும் சேர்ந்தது. ஆனால் ‘வேர்க்கடலை கலந்திருக்கக் கூடும்’ என்ற எச்சரிக்கை கட்டாயமில்லை, கம்பெனி விரும்பினால் போடுவது. அதனால் அச்சில் இல்லாததையும் அவர் யோசிக்க வேண்டியிருந்தது. ஒரு கம்பெனிக்குப் போன் போட்டே கேட்டார். சர்க்கரைக் கண்கள் என்று ஒரு பாக்கெட் வாங்கியிருந்தோம். கடலை மிட்டாய் செய்கிற அதே இயந்திரத்தில் செய்தது என்று ஓரத்தில் போட்டிருந்தது. ஒதுக்கி வைத்தார். கண்ணுக்கு வெள்ளைக் காம்பவுண்ட் பொட்டே போதும் என்று ஆயிற்று. தேன்குழல் எந்த எண்ணெயில் சுட்டது என்று கேட்டார். சூரியகாந்தி எண்ணெய், வீட்டில் சுட்டது. அதன்பிறகு கடைசியாக, “வாணலி?” என்றார். புதிது என்று என் மனைவி காட்டினாள். எங்களுக்கு ஒரு பார்ட்டி. அந்த அம்மாவுக்குத் தினம் மூன்று வேளையும் இது.

மறுநாள் தட்டை நடுவில் வைத்தோம். எல்லாக் கையும் பாய்ந்தது. அவன் தன் டப்பாவோடு நின்றான். அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அவன் நம்பவில்லை; மறுபடி பார்த்தான். மறுபடி தலையசைத்தார். ஒரு சிலந்தியை எடுத்து, காலை மட்டும் ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றான். அந்த அம்மா சமையலறைப் பக்கம் போய்விட்டார். என் மனைவி பின்னாலேயே போனாள். நான் போகவில்லை.

அங்கே 2014 முதல் நாடு முழுவதும் ஒரு வழக்கம் பரவி வருகிறது. வாசலில் நீலப்பச்சை வண்ணம் அடித்த பூசணிக்காய் இருந்தால், அந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத சின்னப் பொருளும் உண்டு என்று அர்த்தம். ஸ்டிக்கர், பென்சில் இப்படி. எங்கள் வாசலிலும் ஒன்று வைக்கிறோம்.

நம்ம ஊரிலும் பாக்கெட்டில் ஒவ்வாமை விவரம் இப்போது அச்சிடுகிறார்கள். பொடி எழுத்துதான், பொறுமையாகப் படியுங்கள். நாலு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் முழுத் திராட்சை, பொரி உருண்டை, பாப்கார்ன் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். புகை வருவதற்காக உலர்பனி வாங்குகிறவர்கள் கவனம்: அது மைனஸ் 78 டிகிரி. கையால் தொடக்கூடாது, குடிக்கும் பானத்தில் போடவே கூடாது, மூடிய அறையில் வைக்கக் கூடாது.

வெளியே வராந்தாவில் இரண்டு தட்டு சிலந்தி, ஒரு தட்டு புழு வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி அக்கா வீட்டில் செய்தது. காலியான பாக்கெட்டுகள் எல்லாம் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, படித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு மேலே மின்விசிறி ஓடவில்லை என்று சொன்னார்கள், ஆகையால் சீக்கிரம்.