வசை கேட்கும் இன்பம்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாந்தர் பகைபாராட்டி வாதிடுவதில் ஏன் இன்பங் காண்கின்றனர் என்பதே இன்று நாம் பேசப் புகுந்த பொருள். வாதிடும் இருவர்க்கு ஏதோ ஒரு பயன் உண்டெனலாம். யாதொரு தொடர்பும் இல்லாதாரும் ஓடிவந்து ஒரு பக்கஞ் சேர்ந்து உரத்துக் கூவுகின்றனரே, அஃது ஏன்?

தமிழுலகம் நன்கறிந்த சான்று அருட்பா மருட்பாப் போராகும். 1867-ஆம் ஆண்டில் இராமலிங்க அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரால் அச்சேறின. தேவார திருவாசகங்களுக்குரிய பெயரைப் பிறர் பாடலுக்கு இடலாகாதென யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் மறுத்தார். மறுப்புக்கு மறுப்பு எழுந்தது. 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. அதன் முடிவை இரு பக்கத்தாரும் தத்தமக்கு ஏற்பவே பின்னாளிற் கூறிவந்தனர். 1874-இல் அடிகள் மேட்டுக்குப்பத்தில் மறைந்தருளினார். 1879-இல் நாவலரும் இறைவனடி சேர்ந்தார்.

போர் மாத்திரம் இறக்கவில்லை! 1903-இல், தலைவர் இருவரும் மறைந்து இருபதாண்டுகளுக்கு மேலான பின்னர், நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும், பிற்காலத்து மறைமலையடிகளாகிய வேதாசலனார் மற்றொரு பக்கமுமாகச் சென்னையில் மேடையேறி வாதிட்டனர். கோட்டாற்றுச் செய்குதம்பிப் பாவலர் இசுலாமியராயினும் அருட்பாப் பக்கம் நின்றார். இருதிறத்தாரும் வெளியிட்ட கண்டனங்களை ப. சரவணன் அவர்கள் ஒருங்கே திரட்டி 2010-இல் வெளியிட்டுள்ளார்; அத்திரட்டின் பருமனைக் கண்டாலே மலைப்புண்டாகும்.

இத்துணை நெடுநாள் அப்போரைச் சுமந்தவர் யாவர்? கேட்டவர்களே. அருள் என்பதன்முன் ஒரு மகர மெய்யைச் சேர்த்தால் மருள் ஆகிவிடுகிறது. (மருட்பா என்பது யாப்பில் வெண்பாவும் ஆசிரியப்பாவும் விரவிய ஒரு பாவின் பெயர், அதற்கு நேர்ந்த பழியைப் பற்றி எவரும் வருந்தினாரிலர்.) ஓரெழுத்தால் ஒருவரை வீழ்த்துங்கால் செவிக்கு உண்டாகும் சுவையை நாமும் அறிவோம், தமிழ் கற்றார் அதற்கு எளிதில் அடிமையாவர்.

ஆயினும் சொற்சுவை மாத்திரம் காரணமன்று. நம் மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில் ஆண்டுதோறும் சல்லிக்கட்டு நடப்பதை யாவரும் அறிவீர். வாடிவாசலில் நிற்பவன் வாய் திறவான். அவன் கண் காளையின் கொம்பில் இருக்கும். "விடாதே, திமிலைப் பிடி" என்று கூவுவோன் மேடைமேல் இருக்கிறான். குத்துப்படுவது அவன் உடம்பன்று. வாதப்போரிலும் அவ்வாறே.

இன்னும் ஒன்றுண்டு. சினம் துன்பந் தருவது என்கின்றனர். "அறம் நம் பக்கலிலுள்ளது" என்னும் நிறைவு அதனோடு கலந்துவிடின் அதைப்போல் இனிப்பது பிறிதில்லை. ஊரில் எவராலும் மதிக்கப்படாத ஒருவன் ஒரு கட்சியிற் சேர்ந்து எதிரியை ஒரு சொல் வைதானாயின், அன்றே நூறு பேர் அவனைத் தம்பி என்றழைக்கின்றனர். அவ்வுறவை அவன் எவ்வாறு விடுவான்? சமாதானம் ஏற்படின் அவன் மீண்டும் தனியனாவான்.

இதற்கு விலை கொடுத்தோரும் உளர். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் கதிரைவேற்பிள்ளையிடம் பயின்ற மாணவர் ஒருவர், தம் ஆசிரியர்மீது நடந்த வழக்கிற் சாட்சி கூறச் சென்றமையால், 1904-இல் தேர்வெழுதவில்லை. அவருடைய பள்ளிப் படிப்பு அவ்வளவில் முடிந்தது. அவரே திரு. வி. கலியாணசுந்தரனார். தம் பேரறிவால் அவர் உயர்ந்தார். 1929-இல் இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்னும் நூலையும் எழுதினார். தேர்வை இழந்த மாணவர் எல்லாரும் திரு. வி. க. ஆவரோ? பள்ளி ஆசிரியராகிய நமக்கு அவ்வழக்கில் வேறு எதுவும் இத்துணை உறுத்தவில்லை.

நம் சங்கத்திலும் கோயில் முதல் மரியாதையைப் பற்றி இரு ஊரார் மாறுபட்டு நிற்கின்றனர். உரிமை எவர்க்கு என்பதைப் பெரியோர் ஆராய்ந்து முடிவு செய்க. வழக்கிடுவதைக் குற்றமென்று நாம் கூறவில்லை. சென்ற கூட்டத்தில் அவ்விவகாரம் எழுந்தபோது மண்டபத்தில் நிற்கவும் இடமில்லை. பின்னர் மாணவர் உதவித்தொகைக் கணக்குப் படிக்கப்பட்டபோது பதினொருவர் இருந்தோம். அவருள் மூவர் மண்டபத்து ஊழியர்.

இன்றும் அக்கணக்கு உண்டு. நம் பேச்சு முடிந்தவுடன் பொருளாளர் அதனைப் படிப்பார். மனுச் செய்த பிள்ளைகளின் பெயர்களும் அதில் உள்ளன. பெற்றோர் சிலர் இங்கு வந்துள்ளனர். அன்பர்கள் எழுந்து செல்லாது அமர்ந்திருக்குமாறு வேண்டுகிறோம்.