கரையில் நிற்பவர்களுக்கும் சட்டம் வேண்டும்

இறுதிக்காலப் பராமரிப்பு, இழந்தோர் நலன் ஆகியவற்றின் சட்டத்தையும் அரசுக் கொள்கையையும் ஆராயும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்கும் வாய்ப்பைத் தந்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

இந்தப் பொருளைத் தலைநகரங்களில் பேசுவதுதான் வழக்கம். அதைத் திருச்செந்தூருக்குக் கொண்டுவந்தது நல்ல முடிவு. தெற்கே ஆலந்தலை, மணப்பாடு. வடக்கே வீரபாண்டியன்பட்டினம், காயல்பட்டினம், புன்னைக்காயல். கடலை நம்பிப் பிழைத்த இந்த ஊர்களுக்குச் சாவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மூழ்குபவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பான் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். குளித்தவன் மேலே வராவிட்டால் தாலி இழப்பவள் கயிறு பிடித்தவனின் உடன்பிறந்தவள். அந்தப் பதைப்பு அந்தக் கையில் இருக்கும். 1961-உடன் தூத்துக்குடி முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆனால் அந்த ஏற்பாட்டில் இருந்த அறம் பழசாகவில்லை. போகிறவரையும் அவர் போனபின் தவிப்பவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பதே அது. நம் சட்டம் முதல் பாதியைக் கற்றுக்கொண்டுவிட்டது. இரண்டாம் பாதியை இனித்தான் கற்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் பல பத்தாண்டுகள் நினைவிழந்து கிடந்தார். அவர் வழக்கில்தான் 2011-இல் உச்ச நீதிமன்றம் கடும் நிபந்தனைகளுடன் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்று முதன்முதலில் ஏற்றது. 2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. சுயநினைவோடு இருக்கும்போதே, "மீள வழியில்லாத நிலையில் எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம்" என்பது போல முன்கூட்டியே எழுதிவைக்கவும் உரிமை கிடைத்தது. ஆனால் அந்தத் தாளில் நீதித்துறை நடுவர் கையெழுத்திட வேண்டும் என்ற விதியால் அது ஏட்டோடு நின்றது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரோ சான்றளித்தால் போதும் என்றார்கள். மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அந்தத் தாளின் ஒரு படியை நகராட்சியோ ஊராட்சியோ பொறுப்பாளர் ஒருவரை வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்றும் தீர்ப்பு சொல்கிறது. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதற்கென ஆணை வெளியிட்டது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இந்தப் பொறுப்பாளர் யார் என்று அலுவலகப் பலகையில் எழுதிவைக்கும் நாள் வர வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நம் தென்மாவட்டங்களில், குறிப்பாக விருதுநகர் பக்கம், தலைக்கூத்தல் என்ற கொடுமை இருந்ததை மறைத்துப் பேச முடியாது. படுத்த படுக்கையான முதியவருக்கு விடியற்காலையில் தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரை ஊற்றுவது, பிறகு இளநீரை மேலும் மேலும் கொடுப்பது. காய்ச்சல் கண்டு ஓரிரு நாளில் உயிர் அடங்கிவிடும். இது கொலை. உச்ச நீதிமன்றம் தந்தது தன் சிகிச்சையைத் தானே மறுக்கும் நோயாளியின் உரிமை. பாரமாகிவிட்டார் என்று வீட்டார் முடிவெடுக்கும் உரிமையை எந்தத் தீர்ப்பும் தரவில்லை. ஆனால் கண்டிப்பதோடு நம் கடமை முடியவும் இல்லை. படுக்கைப் புண்ணோடு கிடக்கும் தாயைப் பார்க்க ஆள் வைத்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற வீட்டில் இந்தக் கொடுமை முளைத்தது. அந்த வீட்டுக்குச் செவிலியரை அனுப்புவதே இதற்குச் சரியான பதில்.

அதற்கு வழியும் இருக்கிறது. கேரளம் 2008-இல் வலிதணிப்பு மருத்துவத்துக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்களும் தன்னார்வலர்களும் தொடங்கிய வேலை ஊராட்சிகளின் கடமையாகவே மாறியது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டதால் மார்ஃபின் வாங்கி வைக்க மருத்துவமனைகள் பல உரிமங்களுக்கு அலைய வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலிதணிப்புச் சேவையும் அடக்கம். அப்படி வீடு தேடி வரும் செவிலியரின் பையில் வலிமருந்தும், அவர் வாயில் ஆறுதலும், அவர் வருகைக்கு ஒரு குறித்த நாளும் இருந்தால் பல வீடுகள் நிம்மதியாக மூச்சுவிடும்.

இனி இரண்டாம் பாதி. உடல் கிடைக்காத சாவைப் பற்றி இந்தக் கரையில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

நாட்டுப் படகில் தொழிலுக்குப் போனவர் திரும்பவில்லை என்று வையுங்கள். சக மீனவர்கள் நாள் கணக்கில் தேடுகிறார்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் 'காணவில்லை' என்று வழக்குப் பதிவாகிறது. அதோடு அந்தக் குடும்பத்தின் காலம் நின்றுபோகிறது. 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 111-ஆம் பிரிவில், 1872-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதையே சொல்கிறது: ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் ஒருவர் இறந்ததாகக் கருதலாம். அதுவரை இறப்புச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் இல்லை, விதவை உதவித்தொகை இல்லை, படகைப் பெயர் மாற்ற வழியில்லை, வங்கிக் கணக்கில் கைவைக்க முடியாது. மீனவர் விபத்துக் காப்பீட்டின் ஐந்து லட்சமும் எட்டாது.

இதைவிட வேதனை ஒன்று உண்டு. எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் சொன்னதைக் கவனியுங்கள். ஏழு ஆண்டுகள் கழிந்தால் இறந்தார் என்று கருதலாமே தவிர, காணாமல் போன அன்றே இறந்தார் என்று கருத முடியாது. அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். ஆகவே இடைப்பட்ட காலத்தில் பிரீமியம் கட்டாத பாலிசி காலாவதியாகும். கணவனின் வருமானம் நின்ற வீட்டில், மனைவி ஏழு ஆண்டுகள் அவன் பெயரில் பிரீமியம் கட்டிவர வேண்டும். திடலில் கருவாடு காயவைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு பெண்ணிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது?

இந்தக் குடும்பங்களுக்கு விரைந்து உதவ முடியாது என்பதல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் குலைத்தபோது, காணாமல் போனவர்களின் குடும்பங்களை ஏழு ஆண்டுகள் காக்கவைக்காமல் தமிழ்நாடு அரசு தலா 20 லட்சம் ரூபாய் வழங்கியது. பெரும் புயலில் பலர் ஒன்றாகப் போனால் அரசு இரங்குகிறது. அமைதியான ஒரு ராத்திரியில் ஒருவர் மட்டும் படகிலிருந்து தவறி விழுந்தால் அவர் மனைவிக்கு ஏழு ஆண்டு. இது நியாயமே இல்லை. கடல் கொண்டது இருவரையும்தான்.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். கடலில் காணாமல் போனவர்களுக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையில் மீன்வளத்துறை, கடலோரக் காவல், ஊர் மீனவர் பிரதிநிதி அடங்கிய நிரந்தரக் குழு விசாரித்து, ஆறு மாதத்துக்குள் இறப்புச் சான்றிதழ் வழங்கப் பரிந்துரைக்கும் விதியின் வரைவை நம் வழக்கறிஞர்கள் எழுதித் தர வேண்டும். முன்கூட்டிய மருத்துவ விருப்பத்துக்கு எளிய தமிழில் ஒரு படிவத்தை மருத்துவர்கள் உருவாக்க வேண்டும். இழந்த குடும்பத்தை முதல் ஓராண்டு தொடர்ந்து சென்று பார்ப்பதையும் வலிதணிப்புச் செவிலியரின் பணியாகச் சேர்க்க அரசைக் கேட்க வேண்டும்.

இங்கே வாசிக்கப்படும் கட்டுரைகள் தொகுப்பாக அச்சாவதோடு நின்றுவிடக் கூடாது. மூன்று கோரிக்கைகளும் தீர்மானமாகி ஆட்சியர் அலுவலகத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் போக வேண்டும். அந்தத் தீர்மானத்தின் முதல் கையெழுத்தை, கணவனைக் கடலில் இழந்து இந்த அவையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.