அறுநூறு டாலர் டிரான்ஸ்மிட்டர் அவசியமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் 'பொழுதுபோக்கும் பொறியியலும்' என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் எனக்குக் கொடுத்த தலைப்பு ரொம்பப் பெரியது. இருபது நிமிஷத்தில் அதை முழுக்கப் பேச முடியாது. அதனால் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணமும் உண்டு. நம் கல்லூரி மாணவர்களின் ரிமோட் கார் குழுவுக்குச் சங்கம் இந்த வருஷம் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறது. தம்பிகள் தயாரித்த பட்டியலில் முதல் வரி, 'சான்வா எம்17 டிரான்ஸ்மிட்டர் - 1'. ஒதுக்கிய பணத்தில் முக்கால்வாசி அந்த ஒரே வரியில் தீர்ந்துவிடுகிறது. "நீ ஜப்பானில் ஏழு வருஷம் இருந்தவன், ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அங்கே கார் ஓட்டியவன், இது தேவையா இல்லையா என்று மேடையிலேயே சொல்லிவிடு" என்றார் அண்ணன். சொல்கிறேன். தம்பிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இதைப் பொம்மைக் கார் என்று நினைப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று அளவு வைத்து ஓடும் பந்தயக் கார்கள் இவை. பத்தில் ஒரு பங்கு எலெக்ட்ரிக் கார்களுக்கு ஒரு சுற்றுப் பந்தயம் பெரும்பாலும் 5 நிமிஷம். எட்டில் ஒரு பங்கு நைட்ரோ பக்கி என்றால் இறுதிப் பந்தயம் முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூடப் போகும், நடுவில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு. ஓட்டுபவர்கள் எல்லோரும் ஒரு உயரமான மேடையில் வரிசையாக நிற்பார்கள். எலெக்ட்ரிக் ஆஃப்ரோடு கார்களுக்கு 1985-ல் அமெரிக்காவின் டெல் மார் என்ற ஊரில் முதல் உலகப் போட்டி நடந்தது. ஜப்பானின் மசாமி ஹிரோசாகா 1987-ல் இங்கிலாந்தில் முதல் உலகப் பட்டம் வாங்கி, மொத்தம் 14 பட்டம் வரைக்கும் போனவர். அந்த நாட்டில் இவர் பெயரைச் சொன்னால் பெரியவர்கள்கூட ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இனி டிரான்ஸ்மிட்டர். பழைய செட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நீள ஏரியல் ஞாபகம் இருக்கும். 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 11 மீட்டர். கால் அலை என்றாலே 2.8 மீட்டர் ஆகிறது. கையில் பிடிக்க முடியாது என்பதால் காயில் போட்டு, ஒரு மீட்டர் சொச்சத்துக்குக் குறைத்து வைத்திருந்தார்கள். அந்த அலைவரிசையில் கார்களுக்கு ஆறு சேனல்தான் - பிரவுன், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். கிறிஸ்டலை மாற்றினால் சேனல் மாறும். மஞ்சள் கிறிஸ்டல் போட்ட ஒருத்தர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, பார்க்கிங்கில் இன்னொருத்தர் மஞ்சளை ஆன் பண்ணினால் போச்சு. கார் யார் பேச்சையும் கேட்காது. அதனால்தான் சேனலுக்கு ஒரு கிளிப் என்று பலகையில் மாட்டி வைத்து, கிளிப் கையில் இருப்பவர்தான் செட்டை ஆன் பண்ணலாம் என்று விதி வைத்தார்கள்.

2000-களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்து இந்தத் தொல்லையை ஒழித்தது. ரிசீவருக்குத் தன் டிரான்ஸ்மிட்டரை மட்டும் அடையாளம் தெரியும். இதற்கு பைண்ட் பண்ணுவது என்று பெயர். அலையும் பட்டைக்குள்ளே தாவிக்கொண்டே இருக்கும். கால் அலை 3 சென்டிமீட்டர்தான். ஆனால் 3 சென்டிமீட்டர் ஒயர்தானே என்று அலட்சியம் கூடாது. கார்பன் ஃபைபர் சேஸிஸ் மின்சாரம் கடத்தும், அலையை மறைக்கும். ரிசீவரின் ஆன்டெனாவை பிளாஸ்டிக் குழாயில் செங்குத்தாக நிறுத்த வேண்டும். மோட்டார் ஒயருக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்துவிட்டு, 'ரேஞ்ச் இல்லை, விலை கூடின செட் வாங்க வேண்டும்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது இரண்டு ரூபாய்க் குழாய்.

விலை கூடின செட்டுக்குச் சொல்லப்படும் பெரிய காரணம் தாமதம். நம் விரல் அசைந்ததற்கும் சக்கரம் திரும்பியதற்கும் இடையில் ஆகும் நேரம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். 20 மில்லி செகண்ட் தாமதமானால் கார் 33 சென்டிமீட்டர் போய்விடும். 5 மில்லி செகண்டுக்கு 8 சென்டிமீட்டர். வளைவின் உள்விளிம்பை ஒட்டிப் போகும்போது 25 சென்டிமீட்டர் வித்தியாசம் சாதாரணம் இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் சாருக்குப் பிடித்த பாஷையில் சொன்னால், வினாடிக்கு இரண்டு முறை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டும் ஓட்டுநருக்கு 20 மில்லி செகண்ட் என்பது 14 டிகிரி ஃபேஸ் லேக். 5 என்றால் நாலு டிகிரிகூட இல்லை. (சார் சிரிக்கிறார். என் இன்டர்னல் மார்க் ஞாபகம் வந்திருக்கும்.)

"கண்ணால் பார்த்துக் கை அசையவே 200 மில்லி செகண்ட் ஆகுமே, அப்புறம் இந்தப் பத்துப் பதினைந்தில் என்ன இருக்கிறது?" என்று நியாயமாகவே கேட்கலாம். டிராக் தெரிந்த ஓட்டுநர் பார்த்துவிட்டுத் திருப்புவதில்லை, முன்கூட்டியே திருப்புகிறார். மாறாத தாமதத்தை மூளை நாலு சுற்றில் பழகிக்கொள்ளும். ஒரு தடவை 5, ஒரு தடவை 20 என்று ஆடினால்தான் பழக முடியாது. ஆகவே என்னைக் கேட்டால், குறைந்த தாமதத்தைவிட மாறாத தாமதம் முக்கியம். பெட்டி மேல் அச்சடித்திருக்கும் எண் இதைச் சொல்லாது. நல்ல நடுத்தர செட்டுகளில் இது இன்று சரியாகவே இருக்கிறது. உச்சி விலை செட்டில் இன்னும் கொஞ்சம் கூர்மை. அதை நான் கையில் உணர்ந்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அதை உணர எனக்கு மூன்று வருஷம் ஓட்ட வேண்டியிருந்தது.

இப்போது தம்பிகள் பட்டியலில் ஆறாவது வரிக்கு வாருங்கள். 'ஸ்டியரிங் சர்வோ - சாதா'. சர்வோவின் வேகத்தை 60 டிகிரி திரும்ப எத்தனை வினாடி என்று சொல்வார்கள். சாதா சர்வோ 0.16, நல்ல பந்தய சர்வோ 0.08 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து முழு வளைவுக்கு 30 டிகிரி திரும்ப வேண்டுமென்றால் முதலாவதுக்கு 80 மில்லி செகண்ட், இரண்டாவதுக்கு 40. ஆக, சர்வோவை மாற்றினால் 40 மில்லி செகண்ட் மிச்சம். டிரான்ஸ்மிட்டரை மாற்றினால் பத்தோ பதினைந்தோ. விலை வித்தியாசம் உங்களுக்கே தெரியும். அறுநூறு டாலர் செட்டோடு சாதா சர்வோ போடுவது, பட்டு வேட்டிக்கு ரப்பர் செருப்பு போடுகிற மாதிரி. இன்னொன்று, வேகமான முறைகள் - சான்வாவில் எஸ்.எஸ்.ஆர்., ஃபுட்டாபாவில் எஸ்.ஆர். - டிஜிட்டல் சர்வோவுக்கு மட்டும்தான். அனலாக் சர்வோவில் அந்த முறையைப் போட்டால் சர்வோ சூடாகிப் புகையும்.

தாமதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுகிற விஷயம் ஒன்று உண்டு. பந்தயத்தில் கவிழ்ந்த காரை நிமிர்த்தி விட மார்ஷல்கள் டிராக்கின் வளைவுகளில் நிற்பார்கள். அவர்களும் போட்டியாளர்கள்தான், முந்தின பந்தயத்தில் ஓட்டியவர்கள். எட்டில் ஒரு பங்கு பக்கி 3.2 கிலோ. மணிக்கு 72 கிலோமீட்டரில் அதன் இயக்க ஆற்றல் 640 ஜூல். 5 கிலோ அரிசி மூட்டையை 13 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலாவது மாடியிலிருந்து கீழே போடுவதற்குச் சமம். அது குனிந்து நிற்கும் ஒருவர் முழங்காலில் வந்து மோதுவதை நினைத்துப் பாருங்கள். சிக்னல் அறுந்தால் கார் கடைசியாகக் கேட்ட கட்டளையைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது, பிரேக் போட்டு நிற்க வேண்டும். இதுதான் ஃபெயில்-சேஃப். மலிவு செட்டிலும் இருக்கிறது, ஆனால் நாம்தான் செட் பண்ண வேண்டும். நாகோயா பக்கம் நான் ஓட்டிய கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருபவரின் காரைத் தூக்கிப் பிடித்து, பாதி த்ராட்டில் கொடுக்கச் சொல்லி, டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணச் சொல்வார்கள். சக்கரம் நிற்கவில்லை என்றால் அன்றைக்கு ஓட்ட முடியாது. யாராக இருந்தாலும் சரி, ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்தவராக இருந்தாலும் சரி. நம் மைதானத்தில் வேடிக்கை பார்க்க வாட்ச்மேன் பிள்ளைகளெல்லாம் கயிற்றை ஒட்டி நிற்கிறார்கள். அதனால் இந்தச் சோதனை இல்லாமல் இங்கே ஒரு காரும் ஓடக் கூடாது. சங்கம் பணம் கொடுக்க இதை நிபந்தனையாகவே வைக்கலாம் என்பது என் கருத்து.

அடுத்தது கை. பிஸ்டல் வகையில் ஆள்காட்டி விரலால் டிரிகரை இழுத்தால் வேகம், தள்ளினால் பிரேக். வலது கையில் சின்ன சக்கரம். அரைக் கிலோ எடையை விரலில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சக்கரத்தின் ஸ்பிரிங் இறுக்கம், டிரிகரின் இடம், பிடியின் தடிமன் எல்லாம் விலை கூடின செட்டில் மாற்றிக்கொள்ளலாம். உண்மையில் அந்த விலையில் பெரும்பகுதி இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றும். இதை எந்த விளம்பரத்தாளும் சொல்லித் தராது, கையில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். இடது கைக்காரர்கள் சக்கரத்தை மறுபக்கம் மாற்ற முடிகிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

மெனுவில் இருப்பதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை. டுயல் ரேட், எண்ட் பாயின்ட், எக்ஸ்போ, பிரேக்குக்குத் தனி அளவு, பத்து இருபது காருக்கு மெமரி - இவ்வளவு இருந்தால் கல்லூரிக் குழுவுக்குத் தாராளம். டுயல் ரேட்டை மட்டும் கட்டை விரல் எட்டும் பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள். டயர் சூடாகி கார் நடத்தை மாறும்போது, ஓடிக்கொண்டே மாற்ற அது ஒன்றுதான் கை கொடுக்கும். மோட்டார் சூடு, பேட்டரி வோல்டேஜ் காட்டும் டெலிமெட்ரி ஒரு மணி நேர நைட்ரோ பந்தயத்தில் உதவும். 5 நிமிஷத்தில் திரையைப் பார்த்தவன் கார் சுவரில் இருக்கும்.

கடைசியாக, பட்டியலில் இல்லாத செலவு. ஒரு கம்பெனி டிரான்ஸ்மிட்டர் இன்னொரு கம்பெனி ரிசீவரோடு பேசாது. குழுவிடம் நாலு கார் இருக்கிறது. நாலு ரிசீவர் வேண்டும். பெரிய பெயர் என்றால் ஒன்று எண்பது, நூறு டாலர். எம்17 ஒன்று வாங்கினால் ஒரு கார் ஓடும், மூன்று கார் அலமாரியில் நிற்கும். அந்த ஒன்றையும் இறுதியாண்டு அண்ணன் பத்திரமாக வைத்திருப்பார், முதலாண்டுத் தம்பி தொட்டுப் பார்க்கக்கூட மாட்டான். நாம் எல்லோரும் இந்தக் கல்லூரி லேபில் ஆஸிலாஸ்கோப்பை அப்படித்தானே தூரத்திலிருந்து தரிசித்தோம்!

அதனால் நான் திருத்திக் கொடுக்கும் பட்டியல் இது. சான்வா எம்டி-5 மாதிரி நடுத்தர செட் ஒன்று, அதற்கு ரிசீவர் இரண்டு, நல்ல டிஜிட்டல் சர்வோ இரண்டு. மீதி இரண்டு காருக்கு அறுபது எழுபது டாலரில் கிடைக்கும் ஃப்ளைஸ்கை அல்லது ரேடியோலிங்க் செட் போதும், முதலாண்டு மாணவர்கள் அதில் பழகட்டும். எப்.எச்.5 முறையில் பேசும் ரிசீவர் எம்டி-5-க்கும் ஒத்துவரும், எம்17-க்கும் ஒத்துவரும். இரண்டு வருஷம் கழித்து, வெளியூர்ப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்து, 'சார், செட்தான் இழுக்கிறது' என்று ஒரு தம்பி வந்து நின்றால், அந்த ரிசீவர்களை அப்படியே வைத்துக்கொண்டு எம்17 வாங்கித் தரலாம். முதல் ஆயிரம் ரூபாய் நான் போடுகிறேன்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உரிமம் வேண்டாம் என்பது 2005-லிருந்தே உள்ளதுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கருவிக்கு வகை ஒப்புதல் வேண்டும். அது இல்லாவிட்டால் கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்ளும். பில்லோடு விற்கும் உள்நாட்டுக் கடையிலேயே வாங்குங்கள். கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும்.

என்னுடைய செட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், வெளியே டீ மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வரலாம். ஃபெயில்-சேஃப் சோதனை முதலில், அப்புறம்தான் கார் தரையில் இறங்கும்.