தோள்வலியும் தலைவிதியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கைவலியாகும். இதுவும் ஒரு பேச்சா என்று சிலருக்குத் தோன்றலாம். கையை நம்பியே வயிறு வளர்க்கும் மக்களுக்கு அந்தக் கை தூக்க முடியாமற் போவதைவிடப் பெரிய விஷயம் வேறு என்ன இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

கூரைத் தளத்துக்கு வர்ணம் அடிக்கும் பெயிண்டர், சாந்துச் சட்டியைத் தலைக்குமேல் தூக்கிக் கொடுக்கும் சித்தாள், நாள் முழுவதும் மாவை வீசியடிக்கும் பரோட்டா மாஸ்டர், துணியை அடித்துத் துவைத்துக் கொடியில் போடும் வீட்டுப் பெண்கள் ஆகிய இவர்களில் அநேகர் சொல்லுவது ஒன்றேதான். மேற்கை வலிக்கிறது, சட்டை மாட்ட முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்பார்கள். இதற்குக் காரணம் கேட்டால் ஒருவர் வாயு என்பார். ஒருவர் கண்ணேறு என்பார். ஒருவர் தலைவிதி என்பார். வேலை கொடுப்பவரோ சோம்பேறித்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். இந்த நான்கில் ஒன்றாவது தோளை அறுத்துப் பார்த்தவர் சொன்னதா?

அறுத்துப் பார்த்தவர் சொன்னதைக் கேளுங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியர் காட்மன் என்பவர் 1934-ல் தோளைப்பற்றி மாத்திரமே ஒரு பெரும் புத்தகம் எழுதினார். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை உட்காரும் குழி மிகவும் ஆழமற்றது. ஆகையால் நான்கு தசைகள் அதைச் சுற்றிப் பிடித்து நிறுத்துகின்றன. தசை எலும்பில் சேரும் கயிறு போன்ற முனைக்குத் தசைநாண் என்று பெயர். அவற்றுள் மேலே இருக்கும் நாண், தோள்பட்டை எலும்பின் கூரைக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் நடுவில் சுமார் 1 சென்டிமீட்டர் சந்தில் போகின்றது. கையைத் தூக்கும்போது அந்தச் சந்தும் குறுகுகின்றது. பக்கவாட்டில் கையை உயர்த்தும்போது 60 முதல் 120 பாகை வரையில் பலருக்கு வலி கடுமையாவது இதனோடு சம்பந்தப்பட்டது. கெட்டிருப்பது தோளாயினும் வலி தெரிவது மேற்கையின் வெளிப்புறத்தில். அதனால்தான் பலர் தவறான இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கை சுமார் 3 கிலோ இருக்கும். ஆகவே வெறுங்கையை நீட்டிப் பிடித்திருப்பதே ஒரு சுமையாகும். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. வேலையில் உண்டாகும் நுண்ணிய சிதைவைச் சரீரம் ஓய்வில் பழுது பார்க்கின்றது. சிதைவு வேகமாகவும் பழுதுபார்ப்பு மெதுவாகவும் நடந்தால், வரவுக்கு மிஞ்சிக் கடன் வாங்கியவன் கதைதான். இதில் விதிக்கு என்ன வேலை?

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். மேற்கை எலும்பின் கீழ்க்கோடியில், முழங்கைக்கு வெளிப்புறத்தில், இதே ஜாதி வலி ஒன்று உண்டு. 1873-ல் ஜெர்மனி வைத்தியர் ருங்கே அதை எழுத்து வேலையோடு சேர்த்து விவரித்தார். பத்து வருஷம் கழித்து, 1883-ல், இங்கிலாந்தில் பந்தாடும் கனவான்களின் கையைப் பற்றி எழுதப்பட்டது. கடைசியில் நிலைத்த பெயர் எது? டென்னிஸ் எல்போ! எழுதிப் பிழைத்தவனின் வலிக்குப் பெயரில்லை. விளையாடினவனின் வலிக்குப் பெயர் கிடைத்தது. சுத்தியல் பிடிக்கும் தச்சனுக்கும் அந்தப் பெயரைத்தான் சொல்லுகிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2010-ல் வெளியிட்ட தொழில் நோய்ப் பட்டியலில் இந்த முழங்கை வலியும் சேர்ந்திருக்கிறது. சோம்பேறித்தனம் என்பவர்கள் அந்தப் பட்டியலைப் பார்க்கட்டும்.

இனி, செய்ய வேண்டியது என்ன? தாயத்துக் கட்டுவதால் சந்து அகலமாகாது. எண்ணெய் தேய்த்தால் சற்று இதமாக இருக்கலாம். ஊசி போட்டால் சில வாரம் வலி அடங்கலாம். ஆனால் மறுபடியும் அதே வேலையை அதே விதமாகச் செய்தால் அதே வலிதான் வரும். ஆகவே வேலையின் விதத்தை மாற்ற வேண்டும். பெயிண்டருக்குச் சாரத்தை உயர்த்திக் கட்டுங்கள். ரோலருக்கு நீளக் கோல் கொடுங்கள். கை தோளுக்குக் கீழேயே இருக்கட்டும். சட்டி தூக்கும் ஆளை மணிக்கொருதரம் மாற்றுங்கள். துணிக்கொடியைத் தாழ்த்திக் கட்டுங்கள். ஒரு முழக் கயிற்றைத் தாழ்த்த எந்த வீட்டுக்காரருக்குச் செலவு?

வலி கண்டவர்கள் கையை அடியோடு கட்டிப்போட வேண்டாம். அசையாத தோள் இறுகிப்போகும். நீரிழிவுள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பாரத்தைக் குறைத்து, தக்கவரிடம் பயிற்சி கற்று, சிறுகச் சிறுகப் பலம் ஏற்ற வேண்டும். குணமாக மாதங்கள் ஆகலாம். விழுந்த பின் கை தூக்க முடியாவிட்டாலும், காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்பில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து கை வலித்தால் அது இருதயத்தின் கோளாறாக இருக்கலாம். ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

1700-ல் இத்தாலியின் மோடெனா நகரத்தில் தொழிலாளர் நோய்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய ரமஸ்ஸினி, நோயாளியிடம் அவன் செய்யும் தொழில் என்னவென்று கேட்கும்படி வைத்தியர்களுக்குச் சொன்னார். உங்கள் வைத்தியர் கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள். வீட்டு வேலை செய்யும் தாய்மார்கள், வேலை ஒன்றுமில்லை, சும்மாதான் இருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். அதுவும் வேலைதான், அதிலும் கை தேய்கின்றது. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாமென்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.